அந்த ரயிலில் நான் இல்லை: கையால் எழுதும் டைரி எதற்கு?

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ஓடிய மீட்டர் கேஜ் ரயில் 2010 செப்டம்பரில் நின்றது. 1904இல் திறந்த பாதை. அகலப்பாதை ஆக்குவதற்காக மூடினார்கள். மறுபடியும் ரயில் ஓட 2018 ஆகிவிட்டது. கடைசி நாள் வண்டியில் நானும் அப்பாவும் போனோம். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல், ஆரியங்காவில் வாங்கிய உளுந்தவடை, பதிமூன்று கண் பாலம் வந்ததும் அப்பா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றது. எல்லாம் அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது. குறைந்தது ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இதையே ஐம்பத்தோராவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து இலையிலிருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தான். "நீங்க எங்கண்ணே வந்திய? நான்தான போனேன். அப்பாவுக்கு அன்னைக்குக் காய்ச்சல்லா!"

நான் விடவில்லை. அவனும் விடவில்லை. பாயசம் ஆறிப்போனது. வீட்டுக்கு வந்து பரணிலிருந்து 2010 டைரியை இறக்கினேன். உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது, அட்டையில் நெற்கதிர் படம். செப்டம்பர் பக்கத்தில் நீல மையில் இப்படி இருந்தது: "அப்பாவுக்கு மூணாவது நாளாகக் காய்ச்சல். ஊசி போட்டோம். தம்பி கடைசி ரயிலில் போய் வந்தான். காலை வைக்க இடமில்லையாம். பால் அரை லிட்டர் மிச்சம்."

எழுத்து என்னுடையது. 'ழ'வின் வாலை இப்படிச் சுழிப்பது எங்கள் வீட்டில் நான் மட்டும்தான்.

அப்படியானால் அந்த வடையும் பாலமும் எங்கிருந்து வந்தன? இரண்டு நாள் தேடியபின் 2007 மே மாதத்தில் கிடைத்தது. "அப்பாவுடன் புனலூர். ஆரியங்காவில் வடை. பாலத்தில் அப்பா எழுந்து நின்றார்." மூன்று வருஷம் முந்திய ஒரு சாதாரணப் பயணம். தம்பி வந்து சொன்ன கூட்டத்தையும் கூச்சலையும் அதன்மேல் ஒட்டி, கடைசி நாள் என்று பெயர் வைத்து வைத்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். அதுதான் பயமாக இருந்தது.

இது எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. உல்ரிக் நைசர் என்ற உளவியலாளரும் நிக்கோல் ஹார்ஷ் என்பவரும் மறுநாள் காலையிலேயே கல்லூரி மாணவர்களிடம், செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி அதே கேள்விகள். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூட முதல் பதிலோடு ஒத்துப்போகவில்லை. பலர் அதை அடித்துச் சொன்னார்கள், முழு நம்பிக்கையோடு. இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு: அவர்களுடைய சொந்தக் கையெழுத்துத் தாளை எடுத்துக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. புதிய கதை வந்து உட்கார்ந்தபின் பழையது இருந்த இடமே தெரியவில்லை.

டைரி எழுதச் சொல்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஒழுக்கம் வரும், இலட்சியம் கைகூடும், ஆளுமை வளரும் என்பார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக எழுதுகிறேன். காலையில் எழுந்திருக்கும் நேரம்கூட மாறவில்லை. எனக்கு அது செய்யும் உபகாரம் ஒன்றுதான். எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. வீட்டில் வேறு யார் மறுத்தாலும் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். என் கையெழுத்தோடு என்ன சண்டை போடுவது?

எழுதும் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் எழுதியது டைரி என்று அவரே ஒப்புக்கொள்ள மாட்டார், கணக்குநோட்டு. "1163 ஆடி 12. களை பறிப்பு. பெண்ணாள் 9. சாரல் விடவில்லை." அவ்வளவுதான் ஒரு நாள். 1163 என்பது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும் அப்புறம் 1956 நவம்பர் 1 வரை திரு-கொச்சியோடும் இருந்த ஊர் என்பதால் அந்தக் கணக்கு இங்கே பழையவர்கள் கையை விட்டுப் போகவில்லை. கல்யாணப் பத்திரிகையில் இன்றும் பார்க்கலாம். ஆங்கில ஆண்டிலிருந்து 825ஐக் கழிக்க வேண்டும். ஆவணி பிறந்துவிட்டால் 824. அதன்படி அப்பா எழுதிய அந்த ஆடி, 1988.

இந்தக் கணக்கு தெரியாததால் வரும் வேடிக்கை ஒன்று. கேரளத்தில் பெரியவர்கள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் நம் ஆட்களும் அதைச் சொல்வார்கள். என் மகன் அதை 1999 என்றே நினைத்திருந்தான். அது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய சின்ன ரயிலை அடித்துக்கொண்டு போன வெள்ளம். அந்த ரயில் அப்புறம் வரவே இல்லை. மனிதர்கள் தேதியை ஞாபகம் வைப்பது இப்படித்தான்: ஒரு வெள்ளம், ஒரு பஞ்சம், ஒரு சாவு என்று ஏதாவதொரு முளையில் கட்டி. முளை ஆடினால் மாடு எங்கேயோ போய்விடும்.

இதைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்த ஒருவர் இருந்தார். நெதர்லாந்து உளவியலாளர் வில்லெம் வாகெனார் ஆறு வருஷம் தினமும் தனக்கு நடந்ததை எழுதி வைத்தார்: என்ன, யார், எங்கே, எப்போது. சுமார் 2,400 நிகழ்ச்சிகள். பிறகு ஒரு விவரத்தை மட்டும் பார்த்து மீதியை நினைவுக்குக் கொண்டுவர முடிகிறதா என்று பார்த்தார். 1986இல் முடிவை வெளியிட்டார். 'என்ன' என்பதைப் பார்த்தால் மற்றவை ஓரளவு பின்னாலேயே வந்தன. 'எப்போது' என்பதை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. மனம் தேதி போட்டு அடுக்கும் அலமாரி இல்லை. என் 2007ஆம் வருஷத்து வடை 2010க்கு நகர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தமிழில் நாட்குறிப்பு என்றாலே ஆனந்தரங்கப் பிள்ளையிடம்தான் போக வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவராக இருந்தவர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி 1761இல் சாவதற்குச் சற்று முன்புவரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதினார். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது 12 தொகுதிகள் வந்தன. எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்கு என்ன விலை, கவர்னர் டூப்ளே யாரிடம் என்ன சொன்னார், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் எல்லாம் இருக்கும். தற்பெருமையும் தாராளமாக இருக்கும். சரித்திரக்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது அந்த வம்புகளுக்காகவும் விலைவாசிக்காகவும்தான். போரும் உடன்படிக்கையும் வேறு காகிதங்களிலும் கிடைக்கும். சந்தைப் பேச்சு இங்கேதான் கிடைக்கும்.

நம் வீட்டு டைரிக்கும் அதே கதைதான். எழுதும்போது, இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று கை தயங்கும் வரிகள்தான் பத்து வருஷம் கழித்து நம்மை உட்கார்த்தி வைத்துவிடும். டிங் ஜாங் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 2014இல் இதைச் சோதித்தார்கள். அன்றைய சாதாரண விஷயங்களை, கடைசியாகக் கேட்ட மூன்று பாட்டு, சமீபத்தில் பேசிய பேச்சு என்ற மாதிரி, மாணவர்களிடம் எழுதி வாங்கி மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பப் படிப்பதில் எவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று முதலில் சொன்னதைவிட, படிக்கும்போது இருந்த ஆர்வம் அதிகம். 2010இல் பால் அரை லிட்டர் ஏன் மிஞ்சியது? காய்ச்சல்காரருக்குக் கொடுக்கக்கூடாது என்று அம்மா மறுத்திருப்பாள். அந்த ஒரு வரியில் அம்மா முழுசாக நிற்கிறாள். கடைசி ரயிலைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் அவள் வந்திருக்க மாட்டாள்.

சரி, இதையெல்லாம் செல்போனில் எழுதினால் ஆகாதா? கேட்க வேண்டிய கேள்விதான். கையெழுத்தின் மகிமை பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள், கொஞ்சம் அதிகமாகவே. 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு பிரபலம்: மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் பேச்சை அப்படியே தட்டிக்கொண்டு போனார்கள், கையால் எழுதியவர்கள் சுருக்கி எழுதினார்கள், அதனால் கருத்தை இவர்கள்தான் நன்றாகப் பிடித்தார்கள் என்றது. பின்னால் வேறு ஆட்கள் 2019லும் 2021லும் அதையே திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. நார்வேயில் டிரோன்ட்ஹைம் நகரத்தில் 36 மாணவர்களின் தலையில் 256 மின்முனை கொண்ட வலையை மாட்டிப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. கையால் எழுதும்போது மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று அதிகமாக இணைந்து இயங்குகின்றன என்றது. உண்மைதான். ஆனால் தட்டச்சு செய்தவர்களை ஒரே விரலால் தட்டச் சொல்லியிருந்தார்கள். யாருக்கு நினைவில் நின்றது என்று சோதிக்கவும் இல்லை. ஆகவே 'பேனா பிடித்தால் மூளை பளிச்சிடும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டாம்.

எனக்குப் படும் வித்தியாசம் மூளையில் இல்லை, தாளில் இருக்கிறது. போனில் எழுதிய குறிப்பை நாளைக்குத் திறந்து மாற்றலாம்; மாற்றிய தடம் கண்ணுக்குத் தெரியாது. நோட்டில் அடித்தால் அடித்தது தெரியும். மாமனாரைப் பற்றி ஒரு தடவை கடுமையாக ஒரு சொல் எழுதி, மறுநாள் அதை நாலு கோடு போட்டு அடித்திருக்கிறேன். இன்றைக்கு அந்தப் பக்கத்தில் என் கோபமும் இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது. போனில் எழுதியிருந்தால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். சாட்சிக்கு வேண்டிய முதல் தகுதி, பின்னால் போய் யாரும் சொல்லிக்கொடுத்து மாற்ற முடியாமல் இருப்பது. தாளுக்கு அது இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எழுத்தில் உடம்பு இருக்கிறது. 2011க்கு அப்புறம் அப்பாவின் கணக்குநோட்டில் எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும். முடிவுக்கு வருவதற்குள் கடுகு மாதிரி ஆகிவிடும். "நோட்டு மிச்சம் பிடிக்கிறாரு" என்று வீட்டில் கேலி செய்தோம். நானும்தான். ஒன்றரை வருஷம் கழித்துக் கை நடுங்க ஆரம்பித்தபோது பார்த்த டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து நாலு வரி எழுதச் சொன்னார். எழுத்து இப்படிச் சுருங்குவது பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதத்தின் தெரிந்த அடையாளம். நடுக்கத்துக்கு முன்பே வருவதும் உண்டு. நோட்டு எங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறது. அவர் தட்டச்சு செய்திருந்தால் கடைசி வரை எல்லா எழுத்தும் ஒரே அளவில் இருந்திருக்கும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு கணக்கும் இருக்கிறது. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், செய்தி அனுப்பினால் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பார்கள். பேச்சு போகாது, கைதான் முதலில் போகிறது. ஒரு அக்கா மகள் மளிகைச் சீட்டு எழுதும்போது 'வெல்லம்' எந்த 'ல' என்று கேட்டாள். வெல்லமா வெள்ளமா என்று தெரிந்துதான் பேசுகிறாள், எழுதும்போதுதான் சந்தேகம். தினமும் நாலு வரி டைரி என்றால் அதற்குள் ல, ள, ழ மூன்றும் வந்துபோய்விடும். அவளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். எழுதுகிறாளா என்று கேட்கவில்லை. கேட்டால் எழுத மாட்டாள்.

தாத்தா கதை இதற்கு நேர் எதிர். அவர் திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர். பேச்சும் கணக்கும் தமிழ். ஆனால் கடன் வாங்கியதை மட்டும் மலையாள எழுத்தில் எழுதுவார். பாட்டிக்கு அது வாசிக்கத் தெரியாது. லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் 1660 முதல் 1669 வரை தன் டைரியைச் சுருக்கெழுத்தில் எழுதியது போல என்று வைத்துக்கொள்ளலாம். தாத்தா போய் நாற்பது வருஷம் கழித்துத் தென்மலைக்காரச் சிநேகிதர் ஒருவர் அந்தப் பக்கங்களை எனக்கு வாசித்துச் சொன்னார். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மூன்று இடத்தில் கடன், ஒன்று அத்தையின் பிரசவத்துக்கு. அந்தத் தொகை தாய்மாமன் சீர் என்றுதான் வீட்டில் இதுவரை பேச்சு.

மனபாரம் குறையுமா என்பது அடுத்த கேள்வி. குறையும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் விளம்பரம் செய்யும் அளவுக்கு இல்லை. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வுதான் தொடக்கம். மாணவர்கள் தொடர்ந்து நாலு நாள், தினமும் 15 நிமிஷம், தங்களை உலுக்கிய ஒன்றைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவமனைக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு இன்னும் கனத்தது, இரத்த அழுத்தமும் ஏறியது. இந்த வகையில் அப்புறம் வந்த 146 ஆய்வுகளை ஜோயன் ஃப்ராட்டரோலி 2006இல் சேர்த்து எடைபோட்டார். பயன் இருக்கிறது, சின்னது என்பது அவர் கண்டது.

யாருக்குப் பயன் கூடுதல் என்று எழுத்துகளையே ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது. முதல் நாள் வெறும் புலம்பலாக இருந்து, நாள் போகப் போக 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்போதுதான் புரிகிறது' மாதிரிச் சொற்கள் கூடிவந்தவர்களுக்குப் பயன் அதிகம். ஒரே மனத்தாங்கலை ஒரே சொற்களில் முந்நூறு நாள் எழுதினால் அது புண்ணைச் சொறிவதுதான். 2012இல் நான் அப்படி ஒரு வருஷம் முழுக்கச் சொறிந்திருக்கிறேன், ஒரு வரப்புத் தகராறில். இப்போது படித்தால் அந்த ஆள்மேல் கோபம் வரவில்லை, எழுதினவன்மேல்தான் எரிச்சலாக வருகிறது.

தூக்கம் வராதவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன விஷயம். 2018இல் மைக்கேல் ஸ்கல்லின் நடத்திய சோதனையில் 57 பேர் படுக்கும் முன் ஐந்து நிமிஷம் எழுதினார்கள். பாதிப்பேர் அன்று முடித்த வேலைகளை எழுதினார்கள், மற்றவர்கள் இனிச் செய்ய வேண்டியதை. இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிஷம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். நான் இதற்குத் தனித்தாள் வைத்துக்கொள்கிறேன். மறுநாள் கிழித்துவிடலாம்.

எங்கள் ஊரில் டைரிக்குப் பெரிய எதிரி சோம்பல் இல்லை, சாரல். ஆனியும் ஆடியும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் தாள் அப்பளம் மாதிரி நமுத்துவிடும். மை பேனா ஊறும். பந்துமுனைப் பேனாதான் தாங்கும், பென்சில் அதைவிட நல்லது. பழையவற்றைத் தகரப்பெட்டியில் வேப்பிலையோடு வைத்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் காட்ட வேண்டும். நான் மாசியில் காட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவதொரு பக்கத்தில் மாட்டிக்கொண்டு அன்றைக்குச் சமையலுக்குக் காய் வாங்க மறந்துவிடுவேன். வீட்டுக்காரி இதைத் தன் பால்கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், தேதியோடு.

தம்பியிடம் தோற்ற கதையை அன்றைக்கே எழுதிவிட்டேன். 2010 பக்கத்தில் கை வைக்கவில்லை. இந்த வருஷத்து டைரியில் "கடைசி ரயிலில் நான் போகவில்லை" என்று தனி வரியாக எழுதினேன்.

போன மாதம் ஒரு வேலையாகப் புனலூர் போனேன். இப்போது அகல ரயில், பெட்டியும் பெரிது. குகை தாண்டி, ஆரியங்காவு தாண்டி, வண்டி பதிமூன்று கண் பாலத்தில் ஏறியது. அப்பா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் கடைசி நாள் கூட்டம், பிள்ளைகளின் கூச்சல், தம்பி எங்கேயும் இல்லை. வீட்டுக்கு வந்து அதையும் எழுதினேன்.